கவிப்பிரியா சாயவில்லை

அலறல் கேட்டபோது அம்சவல்லி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வாயில் விரல் வைத்து உட்கார வைத்திருந்தாள். பக்கத்து அறையில் உதவிக் கல்வி அலுவலர் கண்ணப்பன் ஆய்வில் இருந்தார். அவர் கிளம்பும்வரை ஒரு சத்தம் வரக் கூடாது என்பது தலைமையாசிரியர் இராமச்சந்திரனின் கட்டளை. அதற்காகவே நாலாம் வகுப்பு ஆசிரியையான அவளைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காவலாக விட்டுவிட்டு, அவளுடைய வகுப்பை அன்று தானே எடுத்துக்கொண்டிருந்தார்.

அவள் ஓடி வாசலுக்கு வருவதற்குள் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கண்ணப்பன் ஏற்கெனவே வராந்தாவில் நின்றார். உள்ளே மேசை முழுவதும் கரும்புகையோடு எரிந்தது. சுவரோரம் கவிப்பிரியா நின்றாள். அவளுடைய வலது கை முழங்கைவரை நெருப்பாக இருந்தது. நைலக்ஸ் பாவாடையின் ஓரத்திலும் பற்றிக்கொண்டிருந்தது. இராமச்சந்திரன் கையில் ஒரு கைக்குட்டையோடு, அவளருகே போகவும் முடியாமல் விலகவும் முடியாமல் நின்றார்.

அம்சவல்லி வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்த கோணியை எடுத்தாள். "படு. கீழ படு கவி" என்று அவளைத் தரையில் தள்ளிக் கோணியைப் போட்டு அழுத்தி உருட்டினாள். தீ அணைந்தது. அப்படியே அவளைத் தூக்கிக்கொண்டு சத்துணவுக் கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினாள். சத்துணவு ஆயா முனியம்மாள் எங்கிருந்தோ ஒரு மைக்கூட்டைத் திறந்துகொண்டு வந்தாள்.

"மை வேணாம் முனியம்மா. தண்ணிய மொண்டு ஊத்துங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

"பச்சத் தண்ணி ஊத்தினா கொப்பளம் வருமே டீச்சர்."

"ஊத்துங்க."

முனியம்மாள் ஊற்றினாள். கவிப்பிரியாவின் பற்கள் கிடுகிடுத்தன. தொட்டி பாதியாகும்வரை ஊற்றினார்கள். பிறகு அலசி வைத்திருந்த வெள்ளைத் துணியைக் கையின்மேல் லேசாகப் போட்டு, ஒரகடம் ரோட்டில் போன செங்கல் லாரியை மறித்து ஏறினார்கள். தண்ணீர் ஊற்றியதால்தான் கை இந்த மட்டும் தப்பியது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் பழையபடி நீளுமா என்பதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

லாரியில் அந்தக் குழந்தையின் தலை அம்சவல்லியின் மடியில் இருந்தது. அவள் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"நான் சாயல டீச்சர். நான் சாயல."

யாரும் அவளைக் கேட்கவில்லையே, ஏன் இதைச் சொல்கிறாள் என்று அம்சவல்லிக்குப் புரியவில்லை. மறுநாள் புரிந்தது.

நல்லேரிப்பட்டு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஓடு வேய்ந்த இரண்டு அறைகளும் ஒரு வராந்தாவும் கொண்டது. பள்ளிகளுக்குச் சாமான் கொடுக்கும் அரசின் கரும்பலகைத் திட்டத்தில் மூன்று வருடம் முன்பு அதற்கு ஒரு தகர அறிவியல் பெட்டி வந்திருந்தது. காந்தம், பூதக்கண்ணாடி, கண்ணாடிக் குவளைகள், பாடப்புத்தகத்தில் சாராய விளக்கு என்று போட்டிருக்கும் ஸ்பிரிட் விளக்கு, எல்லாம் அதில் இருந்தன. ஒன்று உடைந்தாலும் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று இராமச்சந்திரன் அதைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். ஆய்வு நாளில் மட்டும் வெளியே வரும்.

அம்சவல்லி குன்றத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். ஜூனில்தான் இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தாள். வந்த வாரமே பெட்டியைக் கேட்டாள், கிடைக்கவில்லை. வீட்டிலிருந்து தம்ளரும் எலுமிச்சம்பழமும் ஆப்பசோடாவும் கொண்டுவந்து பாடம் நடத்தினாள். எதையும் முதல் நாள் மாலையே தனியாகச் செய்து பார்த்துவிடுவாள். பெண் பிள்ளைகள் சடையை முடிந்துகொள்ள வேண்டும். ஆறு ஆறு பேராக உட்கார வேண்டும், ஒருவர் பின்னால் ஒருவர் நிற்கக் கூடாது. இதற்கே பாதிப் பாடவேளை போய்விடுகிறது என்று இராமச்சந்திரன் குறைப்பட்டுக்கொள்வார்.

ஆய்வுக்கு முந்தின நாள் அவர் சொன்னார்: "நாளைக்கு நாலாம் வகுப்புல எரியறதுக்குக் காத்து வேணும்கிற சோதனை. பிள்ளையே செய்யணும். ஐயாவுக்கு அதான் பிடிக்கும்."

"அப்ப இன்னிக்கே விளக்கக் குடுங்க சார். நான் ஒரு தரம் பத்த வெச்சிப் பாக்கறேன். அதோட இத்தனை பேரை ஒரே மேசையச் சுத்தி நிறுத்த முடியாது. வெளிய, மரத்தடியில வெச்சிக்கலாம்."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க ஒண்ணாவதப் பாத்துக்கோங்க."

அவ்வளவுதான் பேச்சு.

விபத்துக்கு மறுநாள் காலை அவர் ஒரு தாளை அவள்முன் வைத்தார். கண் சிவந்திருந்தது, இரவு தூங்கவில்லை என்று தெரிந்தது. அவர் கெட்ட மனிதர் அல்ல. ஒரு மழைக்காலத்தில் ஏரி உடைந்தபோது பள்ளியிலேயே தங்கிச் சேரிப் பிள்ளைகளுக்கெல்லாம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர் என்று முனியம்மாள் சொல்லியிருக்கிறாள். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது.

தாளில் இருந்தது இதுதான்: ஆசிரியர் பலமுறை எச்சரித்தும் கேளாமல் மாணவி கவிப்பிரியா எரியும் விளக்கின் மேல் சாய்ந்ததால் விபத்து நேர்ந்தது.

"கீழ கையெழுத்துப் போடுங்க டீச்சர். ஐயாவே எழுதிக் குடுத்துட்டுப் போனாரு."

"நான் அந்த ரூம்ல இல்லையே சார்."

"வகுப்பாசிரியை நீங்கதானே. நீங்க போட்டாத்தான் செல்லும்."

"அவ சாய்ஞ்சத நீங்க பாத்தீங்களா?"

இராமச்சந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புள்ளைங்கன்னா சாயத்தானே செய்யும்."

"அவ சட்டையில ரோட்டோர பீரோ கம்பெனி பெயின்ட் வாசன அடிச்சுது சார். விளக்குல என்ன ஊத்தினீங்க?"

"ஸ்பிரிட்டுதான்."

"ஸ்பிரிட்டு வாசன எனக்குத் தெரியும்."

அவர் தாளை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார். "டீச்சர், உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். இதுல கையெழுத்து இருந்தா ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. ஒன்பது வயசுப் புள்ளைய யார் என்ன பண்ணப் போறாங்க? இல்லேன்னா வகுப்பாசிரியை எங்க போனாங்கன்னு மொதல்ல உங்களத்தான் கேப்பாங்க. எல்லாம் உங்க தலையில விழும்."

"விழட்டும் சார். அந்தப் புள்ள தலையில விழறதுக்கு என் தலையில விழட்டும்."

தாளை எடுத்து மடிக்காமல் அவருடைய மேசைமேலேயே வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

மேசையின் மேல்பலகை கருகியிருந்தது. பிள்ளைகள் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். யார் செய்தது, எப்படி நடந்தது என்று அம்சவல்லி கேட்கவில்லை. "நேத்து நீங்க எங்கெங்க நின்னீங்களோ அங்க போய் நில்லுங்க" என்றாள்.

மெதுவாக எழுந்து வந்தார்கள். மேசையைச் சுற்றி ஒரு வட்டம், அதன் பின்னால் இன்னொரு வட்டம், அதற்கும் பின்னால் பெஞ்சின்மேல் ஏறி நின்ற பையன்கள். கவிப்பிரியா நின்ற இடத்தை அவர்களாகவே காலியாக விட்டார்கள். அந்த இடத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் திரும்பக்கூட வழியில்லை.

பிரசன்னா என்ற பையன் காலி இடத்துக்குப் பக்கத்தில் நின்றான். அவன்தான் முதலில் வாயைத் திறந்தான். "சார் விளக்கத் தூக்கச் சொன்னாரு டீச்சர்."

"யார?"

"கவியத்தான். ஐயா தூரமா உக்காந்துகினு இருந்தாரு. 'எரியுதுல்ல, தூக்கி ஐயாவுக்குக் காட்டு'ன்னாரு. அவ வேணாம்னு தலைய ஆட்டினா. சார் மொறச்சாரு. தூக்கினா."

"அப்புறம்?"

இரண்டாம் வட்டத்தில் நின்ற ஜெபகுமார் அழ ஆரம்பித்தான். "எனக்குத் தெரியலன்னு முன்னால தள்னேன் டீச்சர். அவ கை ஆடிச்சி. மூடி கழண்டு ஊத்திக்கிச்சி. 'ஏன்டி சாய்ஞ்ச'ன்னு சார் கத்தினாரு."

அம்சவல்லி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "நீ தள்ளினதுல தப்பில்ல. பாக்கணும்னு எல்லாருக்கும் ஆசை இருக்கும். உங்கள இப்படி நிக்க வெச்சதுதான் தப்பு. கவி, சார் சொன்னதக் கேட்டா. வேற ஒண்ணும் பண்ணல."

அன்று மாலை அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கவிப்பிரியாவின் அம்மா கோவிந்தம்மா ஷிப்ட் முடிந்து, பீரோ கம்பெனியின் நீலக் கோட்டோடு கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். ஒரகடம் ரோட்டோரம் இரும்பு பீரோ செய்து பெயின்ட் அடிக்கிற கம்பெனி அது. புருஷன் லாரி வேலைக்குப் போனவன், பல வருடமாகத் திரும்பவில்லை.

கவிப்பிரியா டீச்சரைப் பார்த்ததும் கேட்காமலே சொன்னாள். "நான்தான் சாய்ஞ்சேன் டீச்சர்."

வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலாக இருந்தது.

"யாரு அப்படிச் சொல்லச் சொன்னா?"

குழந்தை அம்மாவைப் பார்த்தது. கோவிந்தம்மா எழுந்து வராந்தாவுக்குப் போனாள். அம்சவல்லி பின்னாலேயே போனாள்.

"என்ன இன்னா பண்ணச் சொல்றீங்க டீச்சர்?" கோவிந்தம்மா சுவரைப் பார்த்துப் பேசினாள். "ஸ்பிரிட்டு கெடைக்கல, உங்கம்மா கம்பெனில கேட்டு வாங்கியான்னு சார்தான் புள்ளகிட்ட சொல்லி அனுப்பிச்சாரு. பெயின்ட் அடிக்கிறவர்கிட்ட கேட்டேன். பெயின்ட்ல கலக்கற தின்னர்தான் கீதுன்னு ஒரு பாட்டில்ல ஊத்திக் குடுத்தாரு. இது தின்னருன்னு சொல்லிக் குடுடின்னு சொல்லித்தான் அனுப்பிச்சேன். அவளும் சொல்லிக்கீறா. ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னாராம்."

"அப்ப தின்னருன்னு தெரிஞ்சிதான் ஊத்தினாரா?"

"தெரியாம இன்னா. காத்தால வூட்டாண்ட வந்தாரு. அழுதாரு டீச்சர், அவ்ளோ பெரிய மனுஷன். அப்புறம் சொல்றாரு, விஷயம் வெளிய வந்தா தின்னர் எங்கேந்து வந்துதுன்னு கேப்பாங்க, கம்பெனிப் பொருளத் திருடினேன்னு உன் வேல பூடும், பாத்துக்கோன்னு. நான் வேலைக்குப் போவலன்னா இதுக்குச் சோறு யாரு போடறது?"

அம்சவல்லி சுவரோரம் ஒதுங்கினாள். தள்ளுவண்டி ஒன்று போக வழிவிட்டு நின்றாள்.

"உங்க வேலையப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல முடியாது கோவிந்தம்மா. விசாரணைக்கு வந்தா வாங்க, வரலைன்னா உங்கமேல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா அவ சாயலன்னு அவளுக்குத் தெரியும். பெத்த அம்மாவே சாய்ஞ்சேன்னு சொல்லச் சொன்னா, இனிமே அவ யாரத்தான் நம்புவா?"

அம்சவல்லி திரும்ப உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். குனிந்து, குழந்தையின் காதில் இல்லாமல், வார்டில் மற்றவர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"நீ சாயல. சார் தூக்கச் சொன்னாரு, நீ தூக்கின. எங்கிட்ட எல்லாரும் சொல்லிட்டாங்க."

கவிப்பிரியா வெகுநேரம் அவளையே பார்த்தாள். பிறகுதான் அழுதாள். நெருப்புப் பட்டதிலிருந்து அவள் அப்போதுதான் வாய்விட்டு அழுகிறாள் என்று கோவிந்தம்மா வாசலில் நின்றபடி சொன்னாள்.

விசாரணை பள்ளியிலேயே நடந்தது. காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்த மேலதிகாரி நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் கண்ணப்பன், மறுபக்கம் இராமச்சந்திரன். ஜன்னலுக்கு வெளியே ஊர்ப் பெண்கள் நின்றார்கள். அம்சவல்லி தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். முந்தின நாள் விளக்கைக் கேட்டது, கிடைக்காதது, ஒரே மேசையைச் சுற்றி வகுப்பு முழுவதும் நின்றது, பிள்ளைகள் சொன்னது.

கண்ணப்பன் குறுக்கிட்டார். "சம்பவம் நடந்தப்ப நீங்க அங்க இல்ல. பிள்ளைங்க சொன்னத வெச்சி ஒரு தலைமையாசிரியர்மேல குற்றம் சொல்றீங்க."

"ஆமாங்க, நான் இல்ல. ஆனா பெரியவங்க ரெண்டு பேர் இருந்தீங்க. அவர் ஒருத்தர், நீங்க ஒருத்தர். பிள்ளைங்க சொன்னது வேணாம்னா நீங்க சொல்லுங்க. அவ சாய்ஞ்சாளா?"

கண்ணப்பன் மேலதிகாரியைப் பார்த்தார். "கேள்வி கேக்க வேண்டியது நாங்க" என்றார்.

"கேளுங்க. அவரயும் கேளுங்க. உங்களயும் யாராவது கேக்கட்டும்."

"டீச்சர், வார்த்தையப் பாத்துப் பேசுங்க" என்றார் மேலதிகாரி. சொன்னாரே தவிர, அவரும் கண்ணப்பன் பக்கம் திரும்பிப் பதிலுக்காகக் காத்திருந்தார்.

அந்த நேரத்தில் கோவிந்தம்மா உள்ளே வந்தாள். நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, சூப்பர்வைசரிடம் சொல்லாமல் லைனை விட்டு வந்திருந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

"தின்னர் நான்தான் குடுத்தனுப்பினேன்" என்றாள். "சார் கேட்டாரு, குடுத்தேன். தின்னருன்னு சொல்லித்தான் குடுத்தேன். கம்பெனிக்கு எழுதிப் போடணும்னா போடுங்க. வேலைய எடுக்கறதுன்னா எடுத்துக்கட்டும், தின்னர் குடுத்ததுக்கு. ஆனா எம் பொண்ணு சொல்பேச்சு கேக்காதவன்னு ஒருத்தரும் எழுதக் கூடாது. கேட்டதாலதான் அவ கை வெந்துச்சி."

ஜன்னலில் நின்ற பெண்களிடம் சலசலப்பு எழுந்து அடங்கியது. இராமச்சந்திரன் மேசையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "நான்தான் தூக்கிக் காட்டச் சொன்னேன்" என்றார். "அது தின்னர்னும் தெரியும். ஒரு நிமிஷ வேலைதானேன்னு நெனச்சேன்."

அந்தத் தாள் கிழிக்கப்பட்டது. இராமச்சந்திரனுக்கு ஒரு சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. கோவிந்தம்மாவைக் கம்பெனி தீபாவளி வரைக்கும் வேலைக்கு எடுக்கவில்லை, அதற்கப்புறமும் லைனில் விடாமல் கூட்டிப் பெருக்க விட்டது. கண்ணப்பனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விசாரணை முடிவில் ஒரு உத்தரவு வந்தது: இனி ஒன்றியத்தின் எந்தத் தொடக்கப்பள்ளியிலும் நெருப்பு, கண்ணாடி, ரசாயனம் வைத்துச் செய்முறை கூடாது, படம் வரைந்து பாடம் நடத்தினால் போதும். அறிவியல் பெட்டிக்கு அரக்கு வைத்து முத்திரை போட்டார்கள்.

ஊரில் எல்லோருக்கும் அது நல்ல முடிவாகப் பட்டது. "புள்ளைங்க உசுரோட வூடு வந்தாப் போதும் டீச்சர்" என்றாள் முனியம்மாள். அம்சவல்லிக்கும் சில நாள் அப்படித்தான் இருந்தது. கரும்பலகையில் மெழுகுவர்த்தியை வரைந்து, அதன்மேல் தம்ளரை வரைந்து, காற்று இல்லாவிட்டால் அணையும் என்று எழுதிப்போட்டாள். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு காலை மூன்று பெண் பிள்ளைகள் தாமதமாக வந்தார்கள். ஏன் என்று கேட்டாள்.

"அம்மா மொத ஷிப்ட் டீச்சர். சோறு வடிச்சி வெச்சிட்டு வரோம்."

"அடுப்ப யாரு பத்த வெச்சது?"

"நாங்கதான்."

அம்சவல்லி வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். "வீட்டுல ஸ்டவ்வோ அடுப்போ பத்த வெக்கிறவங்க கை தூக்குங்க."

பெண் பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோரும் தூக்கினார்கள். பையன்களிலும் பாதிப் பேர் தூக்கினார்கள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிப்பது, எரியும்போதே எண்ணெய் ஊற்றுவது, பாவாடையைப் பிடித்துப் பானை இறக்குவது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எட்டு வயதும் ஒன்பது வயதும்.

"துணியில தீப் பிடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"ஓடுவோம்" என்றான் பிரசன்னா.

மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

அன்று அவள் வராந்தாவில் இருந்த தலைமையாசிரியர் மேசைக்குப் போனாள். "பெட்டியத் தெறக்கணும் சார். இல்லேன்னா பெட்டி வேணாம், பாடத்த நடத்த அனுமதி வேணும்."

"உத்தரவு இருக்கு."

"உத்தரவு போட்டவங்க இந்தப் புள்ளைங்க வீட்டுக்கு வந்து அடுப்பு பத்த வெப்பாங்களா? பள்ளிக்கூடத்துலதான் தீ இல்ல. சாயங்காலம் வீட்டுக்குப் போனா இதுங்கதான் தீ மூட்டுதுங்க. அதுல எப்படிக் கை வெக்கிறதுன்னு சொல்லித்தர ஒரு இடம்கூட இல்ல."

"என்னால முடியாதும்மா. இன்னொரு தடவ ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

அவர் சொன்னது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் கோபம் குறையவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே ஏரியோரக் களத்துக்கு வரும்படி அவள் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். அம்மா யாராவது உடன் வந்தால்தான் பிள்ளைக்கு இடம் என்றாள். சனிக்கிழமையே மெமோ வந்துவிட்டது: துறை உத்தரவை மீறி நிகழ்ச்சி நடத்துவதற்கு விளக்கம் கேட்டு. அவள் அதைப் பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்தாள்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். நவம்பரில் அவளை வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம், குன்றத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். நிர்வாக நலன் கருதி என்று உத்தரவில் இருந்தது. அங்கேயும் ஞாயிற்றுக்கிழமைகளில் இதையே செய்தாள், இன்னொரு மெமோ வாங்கினாள். ஒருமுறைகூட வருத்தம் தெரிவித்து எழுதவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் களம் நிறைந்துவிட்டது. பெண்கள் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். கோவிந்தம்மா கவிப்பிரியாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கட்டு அவிழ்த்தாகிவிட்டது. கையில் புதுத்தோல் வெளிறி மினுங்கியது. இரண்டு விரல்கள் உள்ளங்கைப் பக்கம் மடங்கியே இருந்தன.

அம்சவல்லி ஒரு ஸ்டூல், ஒரு மெழுகுவர்த்தி, ஒரு கண்ணாடித் தம்ளர் வைத்தாள். பக்கத்தில் தண்ணீர் வாளியும், மணலும், நனைத்த கோணியும் இருந்தன. கவிப்பிரியாவிடம் மெதுவாகக் கேட்டாள். "நீ பத்த வெக்கிறியா?"

கவிப்பிரியா இல்லை என்று தலையாட்டினாள். அவள் உடம்பு பின்னால் போயிற்று.

"சரி. வேணாம்னா வேணாம். அன்னிக்கும் நீ வேணாம்னுதான் சொன்ன. வேற என்ன வேலை வேணும் உனக்கு?"

குழந்தை ஸ்டூலைப் பார்த்தது. சுற்றி நெருங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தது. பிறகு அம்சவல்லியின் கையிலிருந்த கோலப்பொடி டப்பாவை இடது கையால் வாங்கிக்கொண்டது. ஸ்டூலைச் சுற்றி, நன்றாகத் தள்ளி, ஒரு பெரிய வட்டமாகப் பொடியைக் கொட்டிக்கொண்டே போனாள். கோடு வளைந்து வளைந்து வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"இதுக்கு அந்தாண்ட உக்காருங்க" என்றாள். முதலில் குரல் வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது. "ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் உக்காராதீங்க. சந்து வுட்டு உக்காருங்க. ஜெபா, தள்ளி உக்காரு. நீங்களும்தாங்க்கா, கொழந்தைய வெச்சிகினு இவ்ளோ கிட்ட வராதீங்க."

பெண்கள் புடவையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள்.

அப்போது இராமச்சந்திரனின் மொபெட் களத்துக்குள் வந்தது. வண்டியை நிறுத்திவிட்டு வேகமாக நடந்து வந்தார். "டீச்சர், வேணாம். சொல்றதக் கேளுங்க. மே மாசம் குண்டு வெடிச்சதுலேந்து இந்தப் பக்கம் நாலு பேர் கூடினாலே போலீஸ் வந்து நிக்கிறான். மேலேந்து எனக்கு ஆள் வந்து சொல்றாங்க."

"இது பள்ளிக்கூடம் இல்ல சார். இன்னிக்கு ஞாயித்துக்கிழம. இவங்க புள்ளைங்களோட இவங்க வந்திருக்காங்க. போலீஸ் வந்தா அவங்களும் உக்காந்து பாக்கட்டும்."

அவர் இன்னும் இரண்டு அடி முன்னால் வந்தார். செருப்பு கோலப்பொடிக்கு உள்ளே விழுந்தது.

"சார்" என்றாள் கவிப்பிரியா.

அவர் திரும்பினார். விபத்துக்குப் பிறகு அவளை அவர் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. அவள் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நகரவில்லை.

"கோட்டுக்கு வெளிய நில்லுங்க சார்."

கோவிந்தம்மா எழுந்து நின்றுவிட்டாள். இராமச்சந்திரன் அந்தக் கையைப் பார்த்தார், மடங்கிய விரல்களைப் பார்த்தார். பின்னால் காலை வைத்து, கோட்டைத் தாண்டி, வெளியே போய் நின்றார். சற்றுப் பொறுத்து, மற்றவர்களைப் போலத் தரையில் உட்கார்ந்தார்.

அம்சவல்லி சடையைச் சுருட்டி முடிந்துகொண்டாள், முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். பிள்ளைகளும் பார்த்துப் பார்த்து அதையே செய்தார்கள். பிறகு தீக்குச்சியைக் கிழித்தாள். மெழுகுவர்த்தி எரிந்தது. காற்றில் சாய்ந்து, நிமிர்ந்தது. கவிப்பிரியா கோட்டுக்கு வெளியே, முகத்தைத் திருப்பாமல் அதைப் பார்த்தாள்.

அம்சவல்லி தம்ளரைக் கவிழ்த்தாள். சுடர் குறுகியது, மங்கி, ஒரு புள்ளியாகி, அணைந்தது. தம்ளருக்குள் புகை மட்டும் சுற்றியது.

"ஏன் டீச்சர் அணைஞ்சிது?" என்றான் முன் வரிசையில் ஒரு சின்னப் பையன்.

அம்சவல்லி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கவிப்பிரியா சொல்ல ஆரம்பித்திருந்தாள்.